அட்டை

சேரம்பாடியில் அட்டை என்றால் இரண்டு.
ஒன்று, ஆடி மழையில் காலுறைக்குள் நுழைந்து
குடித்து முடித்தபின் தெரியவரும்.
மற்றது பீரோவுக்குள், பாலிதீன் உறையில்,
எட்டு வயது அப்பாவின் வெளிறிய முகத்தோடு:
தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை.

மூன்றாவதாக ஒன்று வேண்டுமாம் இப்போது.
மருத்துவக் காப்பீடு இல்லாமல்
ஜெர்மனியில் பல்கலைக்கழகம் பெயர் பதியாது.
மண்ணியல் படிக்கப் போகிறேன்.
"மண்ணைப் படிக்கிறதுக்கு ஒடம்புக்கு எதுக்குடி சீட்டு?"
கேட்டுவிட்டு
முழங்காலுக்குத் தைலம் தேய்க்கப் போனாள் அம்மா.

பந்தலூர் பஜார், நௌஷாத் அண்ணன் கடை.
கரண்ட் போய் வந்து, போய் வந்து
படிவம் மூன்றாம் முறையாக முதலிலிருந்து.
முன்பே உள்ள நோய்கள் உண்டா?
இல்லை.
ஐந்தாண்டுகளில் மருத்துவமனையில் தங்கியதுண்டா?
இல்லை.
போய்ச் சேர்ந்தால்தானே தங்குவதற்கு.
பிளஸ் டூவில் காய்ச்சல் முற்றி
பத்தேரிக்கு ஜீப்பில் போன இரவு
வளைவில் கொம்பன் நின்றிருந்தது.
ஹெட்லைட்டை அணைத்துவிட்டு
ஒன்றரை மணி நேரம்
ஏழு பேர் ஒரே மூச்சாக உட்கார்ந்திருந்தோம்.
அது நகர்ந்தபோது
காய்ச்சலும் இறங்கியிருந்தது.
வண்டியைத் திருப்பிவிட்டோம்.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?

குடும்ப மருத்துவர் என்ற இடத்தில்
டிவிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவின் பெயரைப் போட்டேன்:
தெரசம்மாள்.
எல்லா வலிக்கும் ஒரே மஞ்சள் மாத்திரை.
ஆனால் நாம் சொல்லி முடிக்கிறவரை
எழுந்து போகமாட்டார்.

"முப்பதாயிரம் யூரோ வரைக்கும் கவர் ஆகும்,"
என்றார் நௌஷாத் அண்ணன்.
அப்பா இரண்டு கைகளையும்
ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டார்.
உதடுகள் மட்டும் அசைந்தன,
கொழுந்து கிலோவுக்கு இத்தனை என்று
எங்கோ தொடங்கி
எங்கோ விட்டுவிட்டன.

கடைசிப் பக்கத்தில் நீளமாக ஓர் ஆங்கிலச் சொல்.
அண்ணன் எழுத்துக் கூட்டினார்:
ரீ... பேட்... ரி...
அப்பா நிமிர்ந்தார்.
அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்
அதுதான் மிக நீளமானது.
தலைமன்னாரில் கப்பலேறி
மண்டபம் முகாமில் வரிசையில் நின்றபோது
அவர்மேல் ஒட்டிக்கொண்ட சொல்.
பிறகு வேலைக்கு, வீட்டுக்கு,
என் சாதிச் சான்றிதழுக்கு,
எத்தனையோ மேசைகளின் முன்னால்
சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிய சொல்.
"ரிபேட்ரியேட்டா? நாமதாங்க அது.
அதுக்கு ஏதாச்சும் சலுகை போட்டிருக்கா?"

நௌஷாத் அண்ணன் என்னைப் பார்த்தார்.
அந்தச் சொல்லை அடுத்திருந்த வரியை
நாங்கள் இருவரும் படித்திருந்தோம்:
மாணவர் இறக்க நேரிட்டால்
உடலைச் சொந்த நாடு சேர்க்கும் செலவு.

"ஆமாப்பா," என்றேன்.
"முழுசும் அவங்களே குடுத்துருவாங்க."

"பரவால்லையே," என்றார்.
"எங்களுக்கு ஒரு கப்பல் டிக்கெட்டோட சரி."

ஓடிபி அப்பாவின் போனுக்கு வந்தது.
எடை மேடையில் நிறுவை சொல்பவர்போல
ஒவ்வோர் எண்ணையும் இழுத்து, உரக்கச் சொன்னார்.
கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.
பணம் போனது.

வெளியே மழை. சேரம்பாடி பஸ் வரவில்லை.
அப்பா சட்டென்று குனிந்து
என் கணுக்காலில் பொடிமட்டையைக் கொட்டினார்.
சுருண்டு விழுந்தது,
திராட்சை அளவுக்கு.
வலி இல்லை. ரத்தம்தான் நிற்காது.
கையிலிருந்த தாளின் ஓரத்தைக் கிழித்து
காயத்தின்மேல் ஒட்டி
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
கிழிந்த துண்டில்
பாலிசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள்.

"இன்னொரு பிரிண்ட் எடுத்துக்கலாம் விடு,"
என்றார்.
"அஞ்சு ரூவாதானே."